தொட்டி மேடையும் கோல்ஃப் பந்தும்

ஆஸ்திரேலியாவில் பௌரல் என்றொரு சிற்றூர். சேர்ந்து விளையாட ஆள் கிடைக்காத சிறுவன் டான் பிராட்மன், வீட்டின் பின்புறம் மழைநீர்த் தொட்டியைத் தாங்கிய செங்கல் மேடைமீது கோல்ஃப் பந்தை எறிவான். தாறுமாறாகத் திரும்பிவரும் பந்தை ஒற்றை ஸ்டம்பால் அடிக்க வேண்டும். மட்டையில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் அதற்கு! சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

1922-ல் படிப்பை விட்டு, வீடு-நிலம் விற்கும் அலுவலகமொன்றில் குமாஸ்தாவானார். இடையில் இரண்டாண்டு கிரிக்கெட்டை மறந்து டென்னிஸ் ஆடினார். அதிலேயே நின்றிருந்தால் கதையே வேறு. 1928-ல் முதல் டெஸ்டில் 18, 1. அடுத்த டெஸ்டில் இடமில்லை. அதற்கடுத்து மெல்போர்னில் சதம்! 1930-ல் லீட்ஸில் 334.

1948-ல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ். நான்கு ரன் எடுத்தால் சராசரி 100. ஹோலிஸின் இரண்டாவது பந்திலேயே பூஜ்யம். 99.94-லேயே நின்றுவிட்டது. 2001-ல் அடிலெய்டில் காலமானார்.