எந்த எண்ணெயையும் ஏற்க முனைந்த இயந்திரம்

தமது பெயரையே ஓர் எரிபொருளுக்கு விட்டுச்சென்ற ருடோல்ப் டீசல், ஜேர்மனியப் பெற்றோருக்கு 1858 இல் பாரிஸில் பிறந்தவர். நீராவி இயந்திரங்கள் வெப்பத்தின் பெரும்பகுதியை வீணடிப்பதைக் கண்ட அவர், அழுத்தத்தால் சூடேறிய காற்றினுள் எரிபொருளைச் செலுத்தித் தீப்பொறியின்றியே எரியவைக்கும் இயந்திரத்தை 1897 இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்.

1900 இல் நடைபெற்ற பாரிஸ் கண்காட்சியில், கனிய எண்ணெய்க்கென அமைந்த டீசல் இயந்திரமொன்று எவ்வித மாற்றமுமின்றி நிலக்கடலை எண்ணெயில் இயங்கியது. பெற்றோலிய வளமற்ற நாடுகளும் தம் மண்ணில் விளையும் எண்ணெயால் வலுப்பெறலாம் என்ற நம்பிக்கை பின்னர் அவருள் வேரூன்றியது. ஆயினும், கடன்சுமையில் அமிழ்ந்திருந்த அவர், 1913 செப்டெம்பர் 29 இரவு இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து காணாமற்போனார். பின்னர் அவரது சடலமே கடலில் காணப்பட்டது.

எண்ணெய்க்கு எண்ணெய் தடிப்பும் தீப்பற்றும் வேகமும் வேறுபடும். அவ்வேறுபாட்டை உணர்ந்து, எரிபொருளைச் செலுத்தும் அளவையும் கணத்தையும் தாமே திருத்திக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடுகள் இன்று உள்ளன. கடலோடு போனவரின் கனவு கரைசேர்ந்துகொண்டிருக்கிறது.