வலைப்பந்தாட்டம் வளர்ந்த வீட்டின் தலைவி

எமது கல்லூரியில் படித்துவிட்டு வலைப்பந்தாட்டத் திடலில் ஒரு நாளாவது நிற்காமற் போனவர்கள் மிகச் சிலரே. உயரமான பிள்ளைக்கு 'கோல் சூட்டர்' பட்டி, ஓடக்கூடிய பிள்ளைக்கு 'சென்ரர்' பட்டி, மிஞ்சியவர்களுக்கு மிஞ்சிய எழுத்து. பந்தைப் பிடித்த உற்சாகத்தில் ஓரடி கூடுதலாக எடுத்து வைத்து விசில் வாங்காதவர் எம்மில் எவருமில்லை. பிடித்த காலை ஏன் நகர்த்தக் கூடாது, கோட்டைத் தாண்டி ஏன் ஓடக் கூடாது என்று அப்போது நாம் கேட்டதில்லை. ரீச்சர் சொன்னால் சரிதான். நூற்றாண்டு மலருக்கு விளையாட்டுப் பகுதியைத் தொகுக்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வி எம்மிடையே எழுந்தது. விடையைத் தேடிப் போன இடத்தில் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்ரர்பேர்க் என்ற பெண்மணியைச் சந்தித்தோம்.

அவர் 1849 ஆம் ஆண்டு சுவீடனின் தென்பகுதியான ஸ்கோனே மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர். வீட்டு ஆசிரியையாகப் பணி செய்தார். பின்னர் கலைக்களஞ்சியம் ஒன்றின் தயாரிப்பில் உதவியாளராக இருந்தார். முப்பது வயதை எட்டும் வேளையில், அதாவது இன்று எம்மிற் பலர் விளையாட்டை விட்டுவிடும் வயதில், ஸ்ரொக்ஹோம் நகரின் மத்திய உடற்பயிற்சி நிறுவனத்திற் சேர்ந்து 1881 வரை பயின்றார்.

அந்த நிறுவனம் பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 இல் தொடங்கியது. எந்த அசைவு எந்தத் தசைக்கு, அது மூச்சை என்ன செய்கிறது என்று அறிந்து, இலேசானதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகச் செல்வதே லிங்கின் முறை. அதன் ஒரு கிளை முழுக்க மருத்துவப் பயிற்சி. முதலில் சிகிச்சையாளர் நோயாளியின் உறுப்பைத் தாமே அசைத்துக் கொடுப்பார். அடுத்து நோயாளி தாமாக அசைப்பார். பிறகு எதிர்த்து அழுத்தும் கைக்கு எதிராக அசைப்பார். இன்று ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே இருக்கும்.

1881 இல் லண்டன் பாடசாலைச் சபை அவரைப் பெண் பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கு மேற்பார்வையாளராக நியமித்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலைகள் அவர் பொறுப்பில் வந்தன. ஆறு ஆண்டுகளுள் ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியைகளுக்கு அவர் இந்த முறையைக் கற்றுக் கொடுத்தார். அக்காலத்து இங்கிலாந்தில் பெண் பிள்ளை ஓடுவதும் கையைத் தலைக்கு மேல் உயர்த்துவதும் அடக்கமின்மை என்று கருதிய வீடுகள் பல. இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை அணிந்தவர்களுக்கு முழு மூச்சு இழுப்பதே சிரமம். அது எம் பாட்டிமார் கேட்ட கதைதான், உடுப்பு மட்டும் வேறு.

1885 இல் ஹம்ஸ்ரெட் என்னுமிடத்தில் தமது சொந்தப் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தார். அடுத்த ஆண்டு தம் நாட்டவரான எட்வின் ஒஸ்ரர்பேர்க்கை மணந்தார். மணமான பின்னும் வேலையை விடவில்லை. சில காலத்தில் பாடசாலைச் சபைப் பதவியிலிருந்து விலகி முழு நேரமும் கல்லூரிக்கே கொடுத்தார். இங்கே அவரைப் பற்றி ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லூரியின் கட்டணம் வசதியான வீட்டுப் பெண்களால் மட்டுமே செலுத்தக் கூடியது. அவர் முதலிற் கைபிடித்த லண்டன் சேரிப் பிள்ளைகள் அதன் வாசலை மிதித்திருக்க முடியாது. பெண்ணுக்கென்று தனியாகச் சம்பளம் தரும் ஒரு தொழிலை உருவாக்கினார் என்பது உண்மை; அது எல்லாப் பெண்ணுக்கும் அல்ல என்பதும் உண்மை.

மாணவிகள் அவரை 'மடம்' என்றே அழைத்தார்கள். இரண்டாண்டுப் படிப்பு. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம், அசைவுகளின் கோட்பாடு, கற்பித்தற் பயிற்சி, அதனோடு முதுகு வளைந்த பிள்ளைகளுக்கும் அடிபட்டவர்களுக்கும் செய்யும் சிகிச்சைப் பயிற்சி. உள்ளே வந்தபின் தகுதி போதாது என்று கண்டால் இடைநடுவில் வீட்டுக்கு அனுப்பத் தயங்க மாட்டார். இடுப்பை இறுக்கும் உள்ளாடை அங்கே கிடையாது. முழங்கால் வரை தொங்கும் மடிப்பு வைத்த தளர்வான மேலாடை ஒன்றை மாணவி ஒருவரே வடிவமைத்தார். பின்னர் பல நாடுகளில் பெண் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையாக அது மாறியது.

எங்கள் விளையாட்டின் கதை இந்தக் கல்லூரிக்குள்தான் நுழைகிறது. அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 இல் கூடைப்பந்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அதை ஹம்ஸ்ரெட் மாணவிகளுக்குக் காட்டிக் கொடுத்தார். அச்சிட்ட விதி இல்லை, கோடு இல்லை, வட்டம் இல்லை. காகிதக் கூடையைச் சுவரில் மாட்டிவிட்டு ஆடினார்கள். 1895 இல் கல்லூரி கென்ற் மாவட்டத்தின் டாட்போர்ட் நகருக்குப் பெரிய வளவொன்றுக்கு இடம் மாறியது. விளையாட்டும் புல்வெளிக்கு வந்தது. 1897 அளவில் இன்னொரு அமெரிக்கப் பெண்மணி, அங்கே மகளிர் ஆடும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். கூடை வளையமாயிற்று, பந்து சற்றுப் பெரிதாயிற்று, திடல் மூன்றாகப் பிரிந்தது.

இப்போது எம் பழைய கேள்விக்கு வருவோம். நீளப் பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஒருவரையொருவர் மோதி விழுத்துவது பெண்களுக்குத் தகாது என்ற எண்ணமும் இருந்தது. ஒரே ஆள் திடல் முழுவதும் ஓடிக் களைக்கக் கூடாது என்ற கவலையும் இருந்தது. இவை எல்லாம் சேர்ந்துதான் பிடித்த இடத்தில் நில், உடனே எறி, உன் பகுதியைத் தாண்டாதே என்ற விதிகளைத் தந்தன. பாதி அக்கறை, பாதி அவநம்பிக்கை என்றே எமக்குத் தோன்றுகிறது. ஆனால் தடையாக வந்த இந்த விதிகளால்தான் தனியாக ஒருத்தி வென்றுவிட முடியாத ஆட்டமாக இது ஆனது. மிகத் திறமையான சென்ரர் கூட வட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. பந்தைத் தோழிக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதே விதிக்கு ஒரு விலையும் உண்டு. பாய்ந்து எட்டிப் பிடித்து, இறங்கிய கணமே நிற்க வேண்டியிருப்பதால் இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது கணுக்காலும் முழங்காலும். எங்கள் நாளில் கால் பிரண்டால் நோவெண்ணெய் போட்டு நன்றாக உருவி, இறுகக் கட்டி, அடுத்த ஆட்டத்துக்கு இறக்கிவிடுவதே வழக்கம். இல்லப் புள்ளி அல்லவா! எம்முள் ஒருவர் இன்றும் படி இறங்கும்போது கைபிடியைத் தேடுகிறார். அடிபட்ட உடனே உருவினால் வீக்கம் கூடும். முதல் ஓரிரு நாள் காலை உயர்த்தி வைத்து ஓய்வு. பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். அடுத்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகுதல். அதன் பின் மெல்லோட்டம். கடைசியிற்றான் பாய்ந்து இறங்குதல். காலை ஊன்றவே முடியாவிட்டாலும், எலும்பின் மேல் தொட்டால் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல் எதுவும் செய்யக் கூடாது. படிப்படியாகச் செல்லும் இந்த ஒழுங்கை டாட்போர்ட் பெண்கள் நூறாண்டுக்கு முன்பே பாடமாகப் படித்தார்கள் என்பதை நினைக்க எமக்கு ஆச்சரியமும் சற்று ஆதங்கமும்.

மடத்தின் பிற்காலம் அமைதியானதல்ல. 1899 இல் அவரிடம் பயின்ற பழைய மாணவிகளும் வேறு சிலரும் சேர்ந்து, லிங்கின் பெயரால் உடற்பயிற்சி ஆசிரியைகளின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தலைவியாக வாருங்கள் என்று அழைத்தும் அவர் இணங்கவில்லை. அடுத்த ஆண்டே, தம் கல்லூரியில் பயின்றவர்களுக்கென்று வேறொரு சங்கம் அமைத்தார். தாம் வளர்த்த பிள்ளைகள் தம் சொல்லைக் கேளாமல் கூட்டம் கூடுவதை அவரால் ஏற்க முடியவில்லை போலும். பழைய மாணவிகள் சங்கமாகிய நாம் இதை வாசித்தபோது கொஞ்சம் சிரித்துக்கொண்டோம். ஆனால் 1901 இல் வலைப்பந்தாட்டத்தின் விதிகளை முதன்முதலாக அச்சிற் கொண்டு வந்தது அவர் தள்ளி வைத்த அந்தச் சங்கந்தான். 250 பிரதிகளே அச்சிட்டார்கள். அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர் பேசாமல் விட்டவர்களின் கைபிடித்தே ஊர் ஊராகப் போயிற்று. பயிற்சி பெற்ற பெண்கள் ஆங்கில ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் ஆசிரியைகளாகப் போனார்கள். விளையாட்டும் கூடவே போனது.

1915 ஜூலை 29 இல் அவர் காலமானார். தமது கல்லூரியைத் தமக்குப் பின் குடும்பச் சொத்தாக விடாமல் நாட்டுக்கே எழுதிக் கொடுத்திருந்தார்.

அதன் பின்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் இந்த விளையாட்டு நாட்டுக்கு நாடு வேறு விதியோடுதான் இருந்தது. நியூசிலாந்தில் அணிக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். அங்கும் அவுஸ்திரேலியாவிலும் அதன் பெயரே மகளிர் கூடைப்பந்து. 1960 இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி ஒரே விதி வகுத்தார்கள். கூடிய இடம் எங்கள் இலங்கை. 1963 இல் ஈஸ்ற்போர்ண் நகரில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் ஆடிய பதினொரு அணிகளுள் இலங்கையும் ஒன்று. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் அந்த வட்டத்துள் நின்று ஆசியக் கிண்ணத்தை எமக்கு வென்று தந்ததை இங்கு எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, பழைய மாணவிகளுக்கும் இந்நாள் மாணவிகளுக்கும் இடையே வலைப்பந்தாட்டம் உண்டு. பெயர் கொடுத்த அக்காமார் மூன்று வாரம் முன்னரே நடைப்பயிற்சியையும் ஒற்றைக்கால் நிற்பதையும் தொடங்கிவிடுங்கள். நேரே திடலுக்கு வந்து பாய வேண்டாம். பட்டிகள் எம்மிடம் இருக்கின்றன. சென்ரர் பட்டிக்கு ஏற்கெனவே மூன்று பேர் சண்டை.