பாசறை கண்ட தலைவர் ஐசனோவர்

போரைத் தொடங்குதல் எளிது; முடித்தல் அரிது. வெற்றியும் தோல்வியும் காணாது நின்றுவிட்ட போரை நிறுத்துவது அதனினும் அரிது. கூதிர்காலப் பாசறையில், நள்ளிரவிலும் துயிலாது புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றும் வேந்தனை நக்கீரரின் நெடுநல்வாடை நமக்குக் காட்டுகிறது. அதனைப் பயின்ற மாணவர்க்கு, 1952ஆம் ஆண்டு டிசம்பர்க் குளிரில் கொரியப் போர்முனை சென்ற டுவைட் ஐசனோவரின் வரலாறு அயலானதாகத் தோன்றாது.

இளமையும் படைவாழ்வும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டெனிசன் என்னும் ஊரில் 1890 அக்டோபர் 14ஆம் நாள் பிறந்த ஐசனோவர், கான்சாஸ் மாநிலத்து அபிலீனில் எளிய குடும்பத்தில் வளர்ந்தார். அன்னை போரை அறவே வெறுத்த சமயப் பற்றுடையவர். ஆயினும் மகன் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து 1915இல் பயிற்சியை முடித்தார். மூன்று வயதே நிரம்பிய தலைமகனை 1921இல் நோய்க்குப் பறிகொடுத்தார். மக்களை இழந்த பெற்றோரின் துயர் அவருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதாக இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஆனார். 1944 ஜூன் 6இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்குவதற்கு முந்திய மாலை, விமானமேறக் காத்திருந்த இளம் வீரர்களிடையே நடந்து சென்று அவர்தம் ஊரையும் தொழிலையும் வினவினார். முயற்சி தோற்பின் பழி முழுவதும் தம்மையே சாரும் என்று ஒரு குறிப்பெழுதித் தம்மிடம் வைத்திருந்தார். அதற்குத் தேவை நேரவில்லை. 1945 மே 7ஆம் நாள் ரீம்ஸ் நகரில் ஜெர்மானியர் சரணாகதியில் கையெழுத்திட்டனர்.

கொரியப் பயணம்

1950 ஜூனில் மூண்ட கொரியப் போர், மறு ஆண்டிலேயே குன்றுகளிடையே தேங்கி நின்றது. 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சுவார்த்தை, தாயகம் திரும்ப மறுக்கும் கைதிகளை என்செய்வது என்ற வினாவில் சிக்கிக்கொண்டது. குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஐசனோவர், தாம் கொரியாவுக்கு நேரில் செல்வதாக 1952 அக்டோபர் 24இல் டெட்ராய்ட் நகரில் உறுதியளித்தார். நவம்பர் 4இல் வென்றார். பதவியேற்கும் முன்னரே, நவம்பர் 29ஆம் நாள் வைகறையில், எவரும் அறியாவண்ணம் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டார்.

டிசம்பர் 2 முதல் மூன்று நாட்கள் அங்குத் தங்கினார். உறையவைக்கும் குளிரில், தாம் முன்பு பணியாற்றிய 15ஆம் காலாட்படைப் பிரிவினருடன் திறந்தவெளியில் அமர்ந்து உணவருந்தினார். களமருத்துவமனையில் புண்பட்டோரைக் கண்டார். சிறு விமானத்தில் பறந்து, பகைவர் அரண் அமைத்திருந்த குன்றுகளை நோக்கினார். அவருடைய மகன் ஜானும் அப்போர்முனையில் மேஜராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தளபதி மார்க் கிளார்க் பெருந்தாக்குதலுக்கான திட்டத்தோடு காத்திருந்தார். தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீ வடக்கையும் வென்று நாட்டை ஒன்றாக்க வேண்டினார். ஐசனோவர் அத்திட்டத்தைக் கேட்கவே இல்லை. அக்குன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க எத்தனை உயிர் தேவைப்படும் என்பதைக் களம் பல கண்ட அவர் கண்கள் அளந்துவிட்டன. வெற்றி முழக்கமின்றிப் போரை முடித்தால் கோழை என்று தூற்றுவோர் இருப்பர். நார்மண்டியை வென்றவரை அவ்வாறு தூற்றுதல் எளிதன்று. தாம் ஈட்டிய புகழை அவர் போர்நிறுத்தத்திற்கே செலவிட்டார்.

அமைதியும் இந்தியாவும்

அவர் கொரியாவில் இருந்த டிசம்பர் 3ஆம் நாளிலேயே, கிருஷ்ணமேனன் முன்னின்று உருவாக்கிய இந்தியத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. சோவியத்தும் சீனமும் முதலில் அதனை மறுத்தன. 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தபின் நிலைமை மாறியது. அணுகுண்டு அச்சுறுத்தலும் காரணம் என்பார் உளர்; அறிஞரிடையே அதில் ஒருமித்த கருத்தில்லை. 1953 ஜூலை 27இல் பன்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. கைதிகள் சிக்கலைத் தீர்க்க அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்கு நம் நாட்டுத் தளபதி திம்மய்யா தலைமை தாங்கினார். லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் சென்ற இந்திய மருத்துவப் படையும் அக்களத்தில் அரும்பணி ஆற்றியது.

ஏறத்தாழ 36,000 அமெரிக்கரும், அவரினும் பன்மடங்கு கொரியரும் சீனரும் அப்போரில் மாண்டனர். அமைதி உடன்படிக்கை இன்றளவும் எழுதப்படவில்லை. எனினும் அன்று ஓய்ந்த பெரும்போர் மீண்டும் மூளவில்லை.

நிறையும் குறையும்

அவர் ஆட்சி குறையற்றதன்று. 1953 ஆகஸ்டில் ஈரானின் மொசாதிக் அரசு கவிழ்ந்ததில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்குண்டு. அவரே 1956இல் சூயஸ் மீது படையெடுத்த பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளையும் பின்வாங்கச் செய்தார். 1961 ஜனவரியில் விடைபெறும் உரையில், படைத்துறையும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் அளவிறந்த செல்வாக்கைக் குறித்துத் தம் மக்களை எச்சரித்தார். 1969 மார்ச் 28இல் மறைந்த அப்பெருமகன், எளிய படைவீரருக்குரிய பெட்டியிலேயே அபிலீனில் அடக்கம் செய்யப்பெற்றார்.

படைக்கு ஆணையிடும் உரிமை பெற்றோர் பலர். அவ்வாணையால் மடிவோரின் முகத்தை அருகிருந்து பார்த்தோர் சிலரே. நாளைய ஆட்சியாளராகவும் அலுவலராகவும் விளங்கவிருக்கும் மாணவச் செல்வங்கள், எம்முடிவும் எவர் வாழ்வைத் தொடுகிறதோ அவரை முதலில் சென்று காணும் பண்பினை இப்பெருமகன் வரலாற்றிலிருந்து கைக்கொள்வார்களாக.