சர் ஜேம்ஸ் ஆர்ண்டெல் யூல்

படை கொண்டு நாடுகளை வென்றாரைப் பலரும் அறிவர். பனிக்கட்டியையும் பாசியையும் துணையாகக் கொண்டு வெங்கடலை வென்றாரை அறிந்தவர் சிலரே. டாஸ்மேனியத் தீவின் ஓடைகளுக்கு டிரௌட் என்னும் மீனை அளித்தவரும், அம்மீனை நாடித் தூண்டில் ஏந்துவோர் நடுவே பெயர் விளங்கப் பெற்றவருமான சர் ஜேம்ஸ் யூல் என்பாரின் வரலாற்றைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

யூல் 1811-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் நாட்டிற் பிறந்தார். தகப்பனாராகிய ஜான் யூல், லண்டன் மிஷன் சங்கத்தாரால் தாஹிட்டித் தீவிற்கு அனுப்பப்பட்ட மிஷனெரிகளுள் ஒருவர். பின்னர் டாஸ்மேனியாவின் வடபாகத்திற் போதகராக ஊழியஞ் செய்தவர். மகனார் கல்வியின் பொருட்டு இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். 1827-ஆம் ஆண்டிற் தகப்பனார் காலஞ் சென்றமையால், இளம்பிராயத்திலேயே தீவிற்குத் திரும்பிச் சிம்மன்ஸ் பிளெயின்ஸ் என்னும் பண்ணையின் பொறுப்பை ஏற்றார். பல்லாண்டுகள் அதனைப் பேணி வளர்த்தபின், 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று ஆங்கே குடியிருந்தார். எனினும் தாம் வளர்ந்த தீவை அவர் மறந்தாரல்லர். தெளிந்த நீரோடைகள் பல இருந்தும் சால்மன், டிரௌட் என்னும் மீன்கள் அங்கு இல்லாக் குறையைத் தீர்க்க வேண்டும் என்னும் அவா அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

இவ்வவா நிறைவேறுதல் எளிதன்று. டிரௌட் குளிர்நீரில் வாழும் மீன். நம் நாட்டிலும் நீலகிரி முதலிய உயர்ந்த மலைகளின் ஓடைகளிலன்றிச் சமவெளி ஆறுகளில் அதனை வளர்த்தல் இயலாது. நீர் சூடேறுந்தோறும் அதிற் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 10 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள நீர் லிட்டர் ஒன்றிற்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரி நீரோ 9 மில்லிகிராம் அளவே தாங்கும். மீனின் உடலோ வெப்பம் மிகமிக அதிகப் பிராணவாயுவை வேண்டும். வரவு குறையச் செலவு மிகும் குடும்பத்தின் நிலை யாதோ, கோடைநீரில் டிரௌட்டின் நிலையும் அதுவே. 20 டிகிரிக்கு மேல் அது சோர்வுறும். 25 டிகிரி அளவில் நெடுநேரம் நிற்க நேரின் மாண்டொழியும்.

இங்கிலாந்தினின்று டாஸ்மேனியா செல்லும் பாய்க்கப்பல் வெப்ப மண்டலத்தை ஊடறுத்து மூன்று மாதமளவு ஓட வேண்டும். உயிர்மீனைக் கொண்டுசெல்லல் கூடாமையின் சினையைக் கொண்டுசெல்ல எண்ணினர். 1860-ஆம் ஆண்டில் கர்லிங் என்னும் கப்பலில் அனுப்பிய சால்மன் சினை, வழியிற் பனிக்கட்டி உருகிப் போனமையால் அழிந்தது. 1862-ஆம் ஆண்டில் பியூட்டிபுல் ஸ்டார் என்னும் கப்பலில் மீண்டும் முயன்றனர். அம்முயற்சியும் தோல்வியாயிற்று.

ஆயினும் அத்தோல்வியினுள்ளே வெற்றியின் வித்து மறைந்து கிடந்தது. ஓடும் நீரில் வைத்த சினைகளினும், பாசியிற் பொதிந்து சிறு மரப்பெட்டியில் அடைத்துப் பனிக்கட்டி அறையில் இட்ட சினைகள் நெடுநாள் உயிரோடிருந்தமை தெரியவந்தது. யூல் இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டார். உடனே கப்பலைத் தேடி ஓடாமல், முன்னர்ச் சோதனை செய்து தெளியத் துணிந்தார். லண்டன் மாநகரத்துப் பனிக்கட்டி வாணிகர் ஒருவரின் நிலவறையில், பாசியிற் பொதிந்த சினைப் பெட்டிகளைப் பனிக்கட்டியின்கீழ் வைத்து, நாள் இடையிட்டுத் திறந்து நோக்கினார். 90 நாட்கள் கடந்தும் சினைகள் உயிரோடு விளங்கின.

இதன் காரணத்தை நாம் அறிதல் வேண்டும். டிரௌட் சினை 10 டிகிரி நீரில் ஏறத்தாழ ஆறு வாரங்களிற் பொரியும். 5 டிகிரி நீரில் அதற்கு ஏறத்தாழ இருமடங்கு நாட்கள் வேண்டும். குளிர் மிகுந்தோறும் உள்ளிருக்கும் உயிரின் வளர்ச்சி தாமதப்படும். எனவே பனிக்கட்டி சினையை அழியாமற் காத்ததோடு, பயணம் முடியும்வரை அது பொரியாமலும் நிறுத்தி வைத்தது.

1864-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21-ஆம் நாள் நார்போக் என்னும் கப்பல் ஏறக்குறைய ஒரு லட்சம் சால்மன் சினைகளோடு பால்மத் துறையினின்று புறப்பட்டது. மீனியலில் வல்ல பிராங்க் பக்லண்டு, பிரான்சிஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் உதவிய ஏறக்குறைய 3,000 டிரௌட் சினைகளும் அதில் இடம்பெற்றன. ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் கப்பல் மெல்போர்ன் சேர்ந்தது. அங்கிருந்து பெட்டிகள் வேறொரு கப்பலில் ஹோபார்ட் நகரடைந்து, பிளென்டி ஆற்றங்கரையில் அமைத்திருந்த பொரிப்பகத்தை எய்தின. மே மாதம் 4-ஆம் நாள் முதல் டிரௌட் குஞ்சு வெளிப்பட்டது. அடுத்துச் சால்மன் குஞ்சுகளும் பொரித்தன.

இனி நிகழ்ந்தது வியப்பிற்குரியது. யூல் பெரிதும் நாடிய சால்மன், ஆற்றில் விடப்பட்டுக் கடல் சென்றபின் திரும்பி வந்து நிலைபெறவில்லை. துணையாகச் சென்ற டிரௌட்டோ ஏறக்குறைய 300 குஞ்சுகளே எஞ்சியும் வேரூன்றியது. 1866-ஆம் ஆண்டில் அவை சினையிட்டன. 1867-ஆம் ஆண்டு முதல் அவற்றின் வழித்தோன்றல்கள் நியூஜீலந்து நாட்டு ஓடைகளிலும் இடம்பெற்றன. பிரெஞ்சு நாட்டார் யூலுக்குப் பொற்பதக்கம் அளித்தனர். 1891-ஆம் ஆண்டில் அவர் சர் பட்டம் பெற்றார். 1904-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில், தமது 92-ஆம் வயதிற் காலஞ் சென்றார்.

உண்மையை மறையாது உரைத்தல் வரலாற்றின் கடன். புதிதாக வந்த டிரௌட், அவ்வோடைகளிற் தொன்றுதொட்டு வாழ்ந்த கேலக்சியாஸ் என்னும் சிறுமீன்களைத் தின்று பல இடங்களில் அருகச் செய்துவிட்டது. ஓர் ஓடைக்குச் செய்யும் நன்மை அதன் பழங்குடிகளுக்குத் தீமையாதலும் உண்டு என்பதை யூல் காலத்தார் எண்ணிப் பார்த்திலர். அவர்தம் ஊக்கத்தைப் போற்றும் நாம் இதனையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

இன்று நெறியறிந்து தூண்டிலிடுவோர், கோடையில் ஓடைக்குச் செல்லுங்கால் தூண்டிலோடு சிறு தர்மாமீட்டரையும் கொண்டு செல்கின்றனர். வெயில் படும் கரையோரத்து ஆழமில்லா நீரை விடுத்து, நிழலில் ஓடும் ஆழ்ந்த நீரில் அதனை ஆழ்த்திச் சிறிது பொறுத்துப் பார்க்கின்றனர். வைகறையிற் தண்ணிதாயிருந்த நீர் பிற்பகலிற் சூடேறுமாதலின் நண்பகல் கடந்தும் அளக்கின்றனர். உஷ்ணம் 20 டிகிரியை நெருங்கின் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். ஏனெனில் அத்தகைய நீரிற் போராடிக் களைத்த மீன், கொக்கியினின்று விடுவிக்கப்பட்டாலும் பிழைப்பது அரிது.

ஒரு சில டிகிரி உஷ்ணம் உயிருக்கும் சாவுக்கும் இடைநின்ற வேலியாதலை யூல் தம் தோல்விகளினின்று கற்றார். இருமுறை தோற்றும் அவர் காலத்தை நொந்திலர். பெட்டியைத் திறந்து பார்த்தார், காரணத்தை ஆராய்ந்தார், மீண்டும் முயன்றார். பரீட்சையில் ஒருமுறை தவறியவுடனே மனமுடையும் மாணவராகிய நமக்கு, அந்நிலவறையில் நாளெண்ணிக் காத்திருந்த யூலின் பொறுமை சிறந்த பாடமாகும்.