லிக்லைடர் என்னும் உளநூலறிஞர்

இரண்டாம் உலகப் போரின்போது வானூர்திகளின் ஆற்றல் வளர்ந்தது. அவற்றின் இரைச்சலும் உடன் வளர்ந்தது. நான்கு பொறிகள் இடைவிடாது முழங்கும் குண்டுவீச்சு விமானத்தில் பத்து வீரர்கள் பறப்பர். முன்னே அமர்ந்திருக்கும் விமானியின் சொல், வால்முனையில் துப்பாக்கியோடு காத்திருக்கும் வீரனை எட்ட வேண்டும். உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும். அதனோடு பேசுவோர் குரலும் மெலியும். பகைவிமானம் வரும் திசையைக் குறிக்கும் ஒரு சொல் தவறாகச் செவியில் விழுமாயின், பத்துப் பேரின் உயிருக்கும் அதுவே கேடாகும்.

இத்துன்பத்தை நீக்க முற்பட்டோருள் ஒருவர் படைவீரரும் அல்லர். விமானம் கட்டும் வல்லுநரும் அல்லர். மனிதனின் செவி எவ்வாறு கேட்கிறது என்பதை ஆராய்ந்த உளநூலறிஞர் அவர். ஜோசப் கார்ல் ராப்நெட் லிக்லைடர் என்பது அவர்தம் முழுப்பெயர். பெயரின் நீளத்தைப் பொறாத நண்பர்கள் அவரை 'லிக்' என்றே அழைத்தனர்.

லிக்லைடர் 1915ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயி நகரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். சிறு வயதில் மாதிரி விமானங்கள் செய்து மகிழ்ந்தார். சற்று வளர்ந்ததும் பழைய மோட்டார் வண்டி ஒன்றைச் சிறு தொகைக்கு வாங்கி, அதன் உறுப்புகளைக் கழற்றுவதும் மீண்டும் பூட்டுவதுமாகப் பொழுது போக்கினார்.

அந்நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், உளநூல் ஆகிய மூன்றையும் பயின்று 1937இல் பட்டம் பெற்றார். ஒன்றில் ஊன்றி நிற்க இயலாத மாணவரின் தடுமாற்றம் என்று இதனைக் கருதத் தோன்றும். அவருடைய பிற்கால வாழ்வை நோக்கினாலோ, அம்மூன்றும் ஒருசேரத் தேவைப்பட்டமை விளங்கும். 1942இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செவிப்புலன் பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளஒலியியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விமானங்களின் இரைச்சலுக்கிடையே பேச்சைத் தெளிவாகக் கேட்கச் செய்வதே அங்கு அவருக்கு அமைந்த பணி.

பேசுவோர் குரலை உள்ளது உள்ளவாறே அனுப்பும் கருவிதான் சிறந்தது என்பது பொதுவான எண்ணம். லிக்லைடர் அவ்வெண்ணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. படம், மடம், வடம், தடம் என்னும் தமிழ்ச் சொற்களைக் கொண்டே அவருடைய ஆராய்ச்சியின் நுட்பத்தை அறியலாம். நான்கு சொற்களிலும் உயிரொலி ஒன்றே. முதலில் நிற்கும் மெய்யொலியே பொருளை வேறுபடுத்துகிறது. ஆயினும், பேசும்போது உயிரொலி உரத்து எழும். மெய்யொலி மெலிந்து ஒலிக்கும். எனவே, இரைச்சல் முதலில் விழுங்குவது மெய்யொலியையே. வானொலிப் பேசியின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வாற்றலில் பெரும்பகுதியை உயிரொலியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஒலியலைகளின் உயர்ந்த முகடுகளை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதை அவ்வெல்லை வரை உயர்த்தினால் என்ன நிகழும் என்று லிக்லைடர் ஆராய்ந்தார். குரல் கரகரத்தது, கேட்பதற்கு இனிமையில்லை. ஆனால், மெய்யொலிகள் மேலெழுந்தன, சொற்கள் விளங்கின. முகடுகளை முற்றிலும் வெட்டிய பின்னரும் பேச்சின் பெரும்பகுதி விளங்குவதைக் கண்டு அவர் வியந்தார். செவிக்கு வேண்டுவது எது என்று அறிந்த பின்னரே கருவியை அமைத்தல் வேண்டும் என்னும் உண்மை இதனால் உறுதிப்பட்டது.

1949இல் சோவியத் நாடு அணுகுண்டைச் சோதித்தது. அமெரிக்கா, தன் வான் எல்லையைக் காக்கும் வழியைத் தேடியது. லிக்லைடர் 1950இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் உளநூலறிஞர் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அங்கு உருவான பாதுகாப்பு அமைப்பே 'சேஜ்' எனப்படுவது. தொலைவில் உள்ள ராடார்கள் கண்டவற்றைத் தொலைபேசிக் கம்பிகள் கணிப்பொறிக்குக் கொண்டுசேர்க்கும். கணிப்பொறி அவற்றைத் தொகுத்துத் திரையில் ஒளிப்புள்ளிகளாகக் காட்டும். திரைமுன் அமர்ந்த வீரர், துப்பாக்கி போன்ற ஒளிக்கருவியால் ஒரு புள்ளியைச் சுட்டினால், அவ்விமானத்தைப் பற்றிய செய்திகளைக் கணிப்பொறி உடனே தரும். 250 டன் எடையும் ஏறக்குறைய 50,000 வெற்றிடக் குழல்களும் உடைய பெரும்பொறி அது. எனினும், அதன் பயன் முழுவதும் திரையை நோக்கும் ஒருவருடைய கண்ணையும் கருத்தையுமே சார்ந்திருந்தது. அறையில் ஒளி மிகுந்தால் புள்ளிகள் தெரியா. ஒளி குறைந்தால் எழுத இயலாது. செய்திகள் குறைந்தால் முடிவு பிழைபடும். மிகுந்தாலோ மனம் தடுமாறும். இவற்றை ஆராய்வதே உளநூலறிஞரின் வேலையாயிற்று.

சேஜ் 1958இல் பணிபுரியத் தொடங்கியது. அதற்குள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் தோன்றிவிட்டமையால், கருதிய பயனை அது முழுமையாக அளித்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும், லிக்லைடரின் உள்ளத்தில் அது ஒரு வித்தை ஊன்றியது. அக்காலத்தில் கணிப்பொறியை நாடும் அறிஞர், தம் கணக்கைத் துளையட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக நெடுநேரம் காத்திருப்பார். ஓர் அட்டையில் பிழை இருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேஜ் கூடத்து வீரரோ திரையின்முன் அமர்ந்து உடனுக்குடன் விடை பெற்றார்.

1957இல் லிக்லைடர், தாம் சிந்திப்பதாகக் கருதிய பொழுதெல்லாம் உண்மையில் என்ன செய்கிறார் என்று குறித்துவரலானார். அக்குறிப்பு அவரைத் திடுக்கிடச் செய்தது. நூறில் 85 பங்கு நேரம், சிந்திப்பதற்கு ஆயத்தம் செய்வதிலேயே கழிந்திருந்தது. இரைச்சலுக்கிடையே பேச்சு விளங்கும் அளவைப் பற்றிய ஆறு ஆராய்ச்சிகளை அவர் ஒப்பிட விரும்பினார். அவை ஒவ்வொன்றும் வேறு வேறு அளவையைக் கையாண்டிருந்தமையால், யாவற்றையும் ஒரே அளவைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் சென்றது. அதன்பின் அவர் அறிய விரும்பியதை அறியச் சில வினாடிகளே பிடித்தன. இவ்வெழுத்தர் வேலையைப் பொறி செய்தால் என்ன?

இவ்வெண்ணமே 1960இல், மனிதனும் கணிப்பொறியும் இணைந்து வாழ்தலைப் பற்றிய கட்டுரையாக வெளிவந்தது. அத்திமரத்தையும் அதன் பூவினுள் மகரந்தம் சேர்க்கும் சிறு பூச்சியையும் அவர் அதில் உவமையாகக் காட்டினார். பூச்சியின்றி மரம் இனம் பெருக்க இயலாது. மரமின்றிப் பூச்சி உயிர்வாழ இயலாது. வினா எழுப்புவதும் குறிக்கோள் வகுப்பதும் மனிதன் தொழில். கணக்கிடுவதும் தேடித் தருவதும் பொறியின் தொழில். அறிவில் பொறி ஒருநாள் மனிதனை மிஞ்சலாம் என்பதை அவர் மறுத்தாரல்லர். அந்நாள் வரும் வரையில் இருவரும் கூடிச் சிந்திக்கும் காலமே மிகச் சிறந்த காலமாக இருக்கும் என்று நம்பினார்.

1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா என்னும் ஆராய்ச்சி அமைப்பு அவரை அழைத்தது. படைகளை நடத்தும் தலைவருக்குக் கணிப்பொறி எவ்வாறு உதவும் என்று ஆராய்வது அவர் பொறுப்பு. அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறையால் போரை நடத்த இயலாது என்பதை அவர் நன்கு அறிவார். ஆகவே, ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை வளர்க்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருளுதவி செய்தார். அது போருக்கென ஒதுக்கிய பணம் என்பதை மறத்தற்கில்லை. அதனைப் பெற்றவர்களோ பெரும்பாலும் கல்விக்கூடத்து அறிஞர்கள். சிதறிக்கிடந்த அவ்வறிஞர்களுக்கு 1963 ஏப்ரலில் ஒரு மடல் விடுத்தார். அண்டங்களுக்கிடையே விரியும் கணிப்பொறி வலையின் உறுப்பினர் என்று வேடிக்கையாக அவர்களை விளித்தார். வேடிக்கையினுள்ளே ஒரு கருத்தும் இருந்தது. வெவ்வேறு இடங்களிலுள்ள பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற வேண்டுமாயின், முதலில் அவற்றிற்குப் பொதுவான மொழி எது என்று அவர் வினவினார்.

1964இல் அப்பதவியை விட்டு நீங்கினார். அவர் நினைத்த வலையைப் பின்னியவர்கள், அவருக்குப்பின் அங்கு வந்தவர்கள். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்சிலிருந்த கணிப்பொறி ஒன்று, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறிக்கு முதற்செய்தி அனுப்பியது. இரண்டு எழுத்துகள் சென்றதும் அப்பொறி நின்றுவிட்டது. பிழையைத் திருத்திய பின்னர் இணைப்பு நிலைத்தது. ஆர்ப்பாநெட் என்னும் அவ்வலையே இன்றைய இணையத்திற்கு முன்னோடி. அப்போது லிக்லைடர் மாசச்சூசெட்சில் மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

1985இல் ஓய்வுபெற்ற அவர், 1990ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 26ஆம் நாள் ஆர்லிங்டன் நகரில் இயற்கை எய்தினார். ஆர்ப்பாநெட், தன்னினும் விரைவான வலைகளுக்கு இடம் விட்டு, அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்தப்பெற்றிருந்தது.