பறவையறிஞர் சலீம் அலி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் தோட்டத்துப் புல்தரையில் மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவி ஓடித்திரிவதைக் காண்கிறோம். கோடையில் அதைக் காண்பதில்லை. இமயமலைப் பக்கத்திலிருந்தும், அதற்கப்பாலுள்ள குளிர்நாடுகளிலிருந்தும் வரும் விருந்தாளி அது. இத்தகைய பறவைகளை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்த ஒருவரைப் பற்றி இவ்வாண்டு எழுத நாடினோம். அவரை மார்க்க மேதை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அவருடைய கல்வியின் தொடக்கம் ஒரு மார்க்க ஐயத்தில்தான் அமைந்தது.

1896 நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்த சலீம் அலி, மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்து எத்தீமானார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தனர். சிறுவயதில் ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். கையில் எடுத்தால், தொண்டையில் மஞ்சள் திட்டு! வழக்கமான சிட்டன்று. இதை உண்ணலாமா, கூடாதா? மாமாவிடம் ஓடினார். மாமாவுக்கும் அது புதிது. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். அந்த ஆங்கிலேயர், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கியதுடன், பாடம் செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த பேழைகளையும் திறந்து காட்டினார். வந்த கேள்வி ஒன்று. சிறுவன் திரும்பியதோ நூறு கேள்விகளோடு.

பட்டம் இல்லாமையால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிட்டவில்லை. 1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று 1930இல் திரும்பியபோது, நிதியில்லை என்று அப்பதவியே நீக்கப்பட்டிருந்தது. பிழைப்புக்கு வழியின்றி, மனைவி தெஹ்மினாவுடன் கடலோரக் கிராமமான கிஹிமில் குடியேறினார். வேறொருவர் சோர்ந்திருப்பார். இவரோ வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்து ஏற்றால் முழுமையாக்கும். பின்னர் வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். இந்த ஆய்வே அவருக்குப் பெயர் தேடித்தந்தது.

ஆய்வுப் பயணங்களில் உடன்வந்த தெஹ்மினா 1939இல் காலமானார். அவர் மறுமணம் செய்யவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. 1960களில், பறவைகள் நோய்களைச் சுமந்து வருகின்றனவா என்றறிய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் ஆயிரக்கணக்கான பறவைகளின் கால்களில் அவரது குழுவினர் அலுமினிய வளையமிட்டனர். நம் கோடிக்கரையிலும் அச்சங்கம் இப்பணியைச் செய்தது. அவ்விடம் 1967இல் சரணாலயமானது.

1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம். அதே 1985இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, ஒரு சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படவே பெயரிட்டார். 1987 ஜூன் 20ஆம் நாள் தமது 90ஆம் வயதில் மும்பையில் மறைந்தார்.