பாதியில் நின்ற ஓவியங்கள்... டாவின்சிக்கு இருந்தது ஏ.டி.ஹெச்.டி-யா?

பாதியில் விட்ட ஆன்லைன் கோர்ஸ் உங்கள் போனில் எத்தனை இருக்கு? எண்ணிப் பார்த்து நொந்துபோகாதீங்க. மோனலிசாவை வரைந்த லியோனார்டோ டாவின்சியும் இதில் உங்க ஆளுதான்.

இத்தாலியின் வின்சி ஊர் அருகே 1452-ல் பிறந்தவர். 1481-ல் ஃபிளாரன்ஸை ஒட்டிய ஒரு மடாலயம் அவரிடம் பெரிய ஓவியம் ஒன்றைக் கேட்டது. ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே அதை அப்படியே போட்டுவிட்டு மிலனுக்குக் கிளம்பிட்டார். காத்திருந்து அலுத்த துறவிகள் கடைசியில் வேறு ஓவியரிடம் வாங்கிக்கொண்டார்கள்.

மிலனில் இயேசுவின் கடைசி விருந்தை வரைந்தபோது, சில நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சோறு தண்ணி மறந்து வரைவாராம். பிறகு மூணு நாலு நாள் தூரிகையைத் தொடவே மாட்டாராம். பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் எழுதிவைத்தது இது. உடற்கூறு, பறவை, நீரோட்டம் என 7,000 பக்கங்களுக்கு மேல் அவரது குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஆனால், அவர் வெளியிட்ட புத்தகம் ஒன்றுகூட இல்லை.

அவர் இறந்து 500 ஆண்டுகளான 2019-ல், லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் மார்கோ கதானி இதற்கு ஏ.டி.ஹெச்.டி காரணமாக இருக்கலாம் என்றார். இறந்தவரை யாரும் பரிசோதிக்க முடியாது. ஆக, இது யூகம்தான். அவர் செய்யவிருந்த பிரமாண்ட வெண்கலக் குதிரை நின்றுபோனதுகூட, வெண்கலம் பீரங்கிக்குப் போனதால்தான்!

ஆனால், அந்த 'சில நாள் மூழ்குவது, சில நாள் தொடாதது' இருக்கே, அதை ஏ.டி.ஹெச்.டி உள்ள பலர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கவனமே இல்லை என்பதல்ல, அதை நினைத்த இடத்தில் நிறுத்த முடியலை என்பதே சிக்கல். கூடவே மறதி, பொருளைத் தொலைப்பது, உட்கார முடியாத பரபரப்பு, அடுத்தவர் பேசி முடிக்கும்முன் குறுக்கே பாய்வது.

இது சோம்பேறித்தனம் இல்லை. வளர்ப்பின் குற்றமும் இல்லை. பெரும்பங்கு மரபணுவுக்கு. குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும் வாய்ப்பைக் கூட்டும். அதுக்காக ரீல்ஸ் பார்த்து நீங்களே முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைத் தடுமாற வைத்தால், மனநல மருத்துவரைப் பாருங்க. மருந்து, சிகிச்சை இரண்டுமே இருக்கு.

டாவின்சிக்கு அந்த வசதி கிடையாது. கடைசிக் காலத்தில் ஒரு ஜியோமெட்ரிக் கணக்கைப் பாதியில் நிறுத்தியவர், சூப் ஆறிக்கொண்டிருக்கிறது என்று காரணம் எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.